வெலிங்டன் சந்தியில் வெலிங்டன் எங்கே? யாழ்ப்பாணத்தில் இல்லாமற்போன தியேட்டர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரத்தின் பழைய தியேட்டர்களைப் பற்றிக் கன காலமாகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். நோட்டிஸ், ரிக்கற் துண்டு, பேப்பர் விளம்பரம், வயதானவர்களின் வாய்ச்சொல் என்று கிடைப்பதெல்லாம் சேர்க்கிறேன். இது தெரிந்தவர்கள் கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் மறித்து வைத்துக் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுவோம் என்று இதைத் தொடங்கினேன்.

என் தாய்மாமா நகரத்துத் தியேட்டர் ஒன்றில் ஒப்பரேற்றராக, அதாவது படம் ஓட்டுபவராக, இருந்தவர். இங்கே சொல்லும் பல விசயங்கள் அவர் வாயால் கேட்டவை. மிச்சம், சின்ன வயதில் அந்த அறை வாசலில் நின்று நானே பார்த்தவை.

வெலிங்டன் சந்தி என்கிறார்கள். அங்கே வெலிங்டன் என்று எதையும் காணவில்லையே?

காண முடியாது. வெலிங்டன் ஒரு தியேட்டரின் பெயர். தியேட்டர் போய்விட்டது, சந்தி அதன் பெயரோடு நிற்கிறது. ஓட்டோக்காரரிடம் "வெலிங்டன் சந்தி" என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அங்கே படம் ஓடிய காலத்தில் அந்தத் தம்பி பிறந்தே இருக்கமாட்டார். இந்தப் பெயரை யாரும் திட்டம் போட்டுக் காப்பாற்றவில்லை. சனம் வழி சொல்லிச் சொல்லியே அது தங்கிவிட்டது. என் அம்மா கடைசி வரைக்கும் "வின்ஸருக்குப் பின்பக்கம்", "ரீகலடி" என்றுதான் இடம் சொன்னார். அந்த வீதிகளுக்குச் சரியான பெயர் உண்டு. அம்மாவுக்கு அது தேவைப்படவேயில்லை.

நகரத்தில் என்னென்ன தியேட்டர்கள் இருந்தன?

எழுபதுகளில் படம் பார்த்த ஒருவரைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்: வெலிங்டன், வின்ஸர், ரீகல், ராணி, ராஜா, மனோகரா, சாந்தி, லிடோ, ஸ்ரீதர். இவற்றில் பல ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கமாக ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருந்தன. மனோகரா காங்கேசன்துறை வீதியில். ரீகல் கோட்டைப் பக்கம், முற்றவெளிக்குக் கிட்ட. ஒரு தியேட்டரில் "ஹவுஸ்ஃபுல்" பலகை தொங்கினால் சைக்கிளை மிதித்து ஐந்து நிமிசத்தில் அடுத்ததற்குப் போய்விடலாம். வீட்டில் சொல்லிவிட்டு வந்த படம் ஒன்றாகவும் பார்த்துவிட்டுப் போன படம் வேறாகவும் இருப்பது அப்படித்தான்.

நகரத்துக்கு வெளியேயும் உண்டு. நெல்லியடியில் மகாத்மா, வல்வெட்டித்துறையில் ரஞ்சனா. சுன்னாகத்திலும் பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் இருந்தவை தனிக் கதை. அந்தந்த ஊர்க்காரர் எழுதினால்தான் அது சரியாக வரும்.

ஏன் எல்லாமே வெள்ளைக்காரப் பெயர்கள்?

எல்லாம் அப்படியில்லை. ராணியும் ராஜாவும் மனோகராவும் சாந்தியும் நம்முடைய பெயர்கள்தானே. வெலிங்டன், வின்ஸர், ரீகல் போன்றவை பிரித்தானியர் ஆண்ட காலத்துப் பழக்கம். கொழும்பிலும் ரீகல் உண்டு. 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியைத் தொடங்கியவர் சிற்றம்பலம் கார்டினர் என்ற தமிழர். இலங்கையில் சினிமாவை ஒரு பெருந்தொழிலாக்கியவர்களில் அவர் முன்னால் நிற்பவர். கொழும்பில் அவர் பெயரில் வீதியே இருக்கிறது.

எந்த வருசம் இடித்தார்கள்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒற்றை வருசம் சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு தியேட்டர் எந்த நாளில் இல்லாமற்போனது என்று கேட்டால், எதை நாங்கள் தியேட்டர் என்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும்.

முதலில் போனது இரண்டாம் காட்சி. எண்பதுகளில் ஊரடங்குச் சட்டம் வரத் தொடங்கியதும் இரவில் யார் வெளியே போவார்? தியேட்டரின் வருமானத்தில் நல்ல பங்கு இரவுக் காட்சியில்தான் இருந்தது. தோட்டத்திலும் கடையிலும் பகல் முழுக்க நின்றவர்கள் அப்போதுதான் வருவார்கள். அதே காலத்தில் வீடுகளுக்குள் ரீவியும், வீடியோ கசெற் போட்டுப் பார்க்கும் டெக்கும் வந்துவிட்டன. இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979இல். ரூபவாஹினி 1982இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் பலர் கூரைக்கு மேலே உயர்ந்த அன்டனா நட்டு, கடலுக்கு அந்தப் பக்கத்துத் தூர்தர்சனைப் பிடித்தார்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் டெக்கோடு வந்து இறங்கினார்கள்.

அடுத்தது மின்சாரம். 1990 ஜூனில் அரச படைக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியதும் குடாநாடு இருட்டாகிவிட்டது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த காலம் அது. அந்த மாதத்தோடு கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயிலும் நின்றது. படப்பெட்டி வந்த வழி அதுதான். மின்சாரமும் இல்லை, பெட்டியும் இல்லை என்றால் கட்டடம் முழுசாக நின்றாலும் அது வெறும் மண்டபம்தான்.

கோட்டையைச் சுற்றி அந்த வருசம் நடந்த முற்றுகை செப்டெம்பர் 26 வரை நீடித்தது. முற்றவெளிப் பக்கத்துக் கட்டடங்கள் பல அதிலே சிதைந்தன. ரீகல் நின்றதும் அந்தப் பகுதியில்தான்.

பிறகு கூரை. பொருளாதாரத் தடைக் காலத்தில் இரும்புக்கும் மரத்துக்கும் இருந்த பெறுமதி, குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டியவர்களுக்குத் தெரியும். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குள் போன காலத்தில், ஆளில்லாத ஒரு பெரிய கட்டடத்தின் கேடரும் (இரும்பு உத்தரம்) கதவும் மட்டும் அப்படியே இருக்குமா? இதற்காக யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். குண்டு விழும்போது பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்று யோசித்த சனம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியபோது, நகரமே எழுந்து செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. 1996இல் திரும்பி வந்தபோது பலருக்கு வீடே இல்லை. தியேட்டரைப் பற்றி யார் நினைத்தார்? ஸ்ரீதர் தியேட்டர் ஒரு அரசியல் கட்சியின் அலுவலகமாகப் பல காலம் இயங்கியது. படம் ஓடிய கட்டடம் என்பதை மறந்துபோன ஒரு தலைமுறைக்கு "ஸ்ரீதர் தியேட்டர்" என்றால் அந்த அலுவலகம்தான்.

மாமா வேலை செய்த தியேட்டரின் கடைசிச் சுவரில் குண்டு விழவில்லை. சண்டை ஓய்ந்து காணி விலை ஏறியபோது, கடைத்தொகுதி கட்டுவதற்காக வாங்கியவர் ஆள்விட்டு இடித்தார். நானும் மாமாவும் வீதிக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். ஒப்பரேற்றர் அறையின் இரண்டு சதுர ஓட்டைகள் உள்ள சுவர் மட்டும் கொஞ்ச நேரம் தனியே நின்றது. மாமா அதைக் கைகாட்டி, "இடது ஓட்டை ஒன்றாம் மெசின், வலது ஓட்டை இரண்டாம் மெசின்" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

ஆகவே வருசம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: கடைசிப் படம் ஓடிய வருசமா, கூரை போன வருசமா, சுவர் விழுந்த வருசமா? மூன்றும் வேறு வேறு. எழுதும்போது மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்.

கலரி என்றால் என்ன? யார் எங்கே இருந்தார்கள்?

திரைக்கு ஆகக் கிட்ட இருந்த, ஆக மலிவான இடம் கலரி. வாங்குதான், கதிரை இல்லை. நம்பரும் இல்லை. முந்தினவருக்கு இடம். பின்னால் போகப் போக இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு. மேலே பல்கனி. கழுத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்து, படம் முடிந்து வெளியே வரும்போது பிடரி வலிக்கும். மூட்டைப்பூச்சி வேறு. ஆனாலும் விசிலும் கைதட்டும் புறப்படுவது கலரியில்தான். முதலாம் வகுப்பில் குடும்பத்தோடு இருந்தவர்கள் சிரிப்பதற்குக்கூடக் கலரி சிரிக்கட்டும் என்று பார்த்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இந்த இருக்கை ஒழுங்கைப் பற்றி யோசிக்க எனக்கு வழி காட்டியவர் பேராசிரியர் கா. சிவத்தம்பி. கரவெட்டியில் பிறந்தவர். தமிழர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே அமர்ந்த முதல் ஆற்றுகைக் கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றும், அங்கே எங்கே இருப்பது என்பதைத் தீர்மானித்தது ஒருவருடைய சமூகப் படிநிலை இல்லை, வாங்கும் சக்திதான் என்றும் அவர் எண்பதுகளின் தொடக்கத்தில் எழுதினார்.

இதை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பாருங்கள். 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து சாதிக் கொடுமைக்கு எதிராக ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க் கடைக்குள் எல்லாருக்கும் ஒரே குவளையில் தேத்தண்ணி வேண்டும், கோயில் கதவு எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று அடுத்த சில வருசம் சனம் அடிவாங்கிப் போராடியது. மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததை அறிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதே ஊரில், அதே வருசங்களில், சதக் காசை நீட்டினால் யாருக்கும் ஒரு ரிக்கற் கிழித்துக் கொடுத்த இடம் தியேட்டர். தியேட்டருக்குள் சாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர் போகும் இடமெல்லாம் அதைக் கூடவே கொண்டுபோனார்கள். காசில்லாதவன் கலரியில், காசுள்ளவன் பல்கனியில் என்பதும் ஒரு பிரிவுதான். ஆனாலும் வாசலில் நின்று "நீ உள்ளே வராதே" என்று சொல்லும் அதிகாரம் ரிக்கற் கிழிப்பவருக்கு இருக்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கட்டடங்களின் கதை எழுதப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். நடிகர்களின் பெயர்ப்பட்டியல் வேறு எங்கேயும் கிடைக்கும். யார் யாருக்குப் பக்கத்தில் இருந்து படம் பார்த்தார் என்பது இங்கே உள்ளவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒப்பரேற்றர் அறைக்குள் என்ன நடக்கும்?

மாமாவின் வேலையைச் சொல்கிறேன். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மெசின். 35 மில்லிமீற்றர் படச்சுருள் நிமிசத்துக்கு 90 அடி வேகத்தில் ஓடும். ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிசம்தான். இரண்டரை மணித்தியாலப் படம் என்றால் 13,500 அடி, பதினான்கு சுருள் அளவில் வரும். இரண்டு சுருளை ஒட்டிப் பெரிய உருளையில் ஏற்றினாலும் 22 நிமிசத்துக்கு ஒருமுறை மெசின் மாற்ற வேண்டும். அதற்காகத்தான் திரையின் வலதுபக்க மேல் மூலையில் ஒரு சின்ன வட்டப் பொட்டு வந்து மறையும். முதற்பொட்டு வந்தால் அடுத்த மெசினின் மோட்டரைத் தொடக்க வேண்டும். ஏழெட்டு விநாடியில் இரண்டாம் பொட்டு. அந்தக் கணத்தில் இந்த மெசினின் வெளிச்சத்தை மூடி அந்த மெசினைத் திறக்க வேண்டும். சரியாகச் செய்தால் கீழே இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. பிந்தினால் வெள்ளைத் திரை, கலரியிலிருந்து கூச்சல்.

வெளிச்சம் வந்தது பல்பிலிருந்து இல்லை. இரண்டு கரிக்குச்சிகளை நுனிக்கு நுனி வைத்து மின்சாரம் பாய்ச்சி, தொட்டு, மெல்ல இழுத்தால் நடுவில் கண்ணைப் பறிக்கும் சுடர் எழும். அதைக் கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். மறந்தால் திரையில் முகமெல்லாம் மஞ்சளாகிப் பிறகு இருண்டுவிடும். புகை போகக் கூரைக்கு மேலே குழாய் வைத்திருந்தார்கள். அந்த அறையின் சூட்டில் மாமா சேட்டைக் கழற்றிவிட்டுச் சாரத்தோடுதான் நிற்பார். படம் முடிந்ததும் மிஞ்சிய கரித்துண்டுகளை எனக்குத் தருவார். ஒழுங்கை மதிலெல்லாம் அதால் எழுதி அடி வாங்கியிருக்கிறேன்.

மாமா படமே பார்த்ததில்லை. நூறு தடவை ஓட்டிய படத்தின் கதையைக் கேட்டால் தெரியாது. எந்தச் சுருளில் எந்த இடத்தில் ஒட்டு விட்டிருக்கிறது என்று கேட்டால் தெரியும்.

படப்பெட்டி எங்கிருந்து வந்தது?

கொழும்பிலிருந்து, ரயிலில். தகரப் பெட்டிகள். பெட்டி பிந்தினால் காட்சியும் பிந்தும். பெரிய படம் என்றால் ஒரே பிரதியை இரண்டு தியேட்டரில் நேரம் தள்ளித் தொடங்கி, முடிந்த சுருளைச் சைக்கிளில் மற்றதற்குக் கொண்டு ஓடுவதும் உண்டு. சைக்கிள்காரர் வழியில் காற்றுப்போய் நின்றால் இரண்டாவது தியேட்டரில் இடைவேளை நீளும்.

அறுபதுகள் வரை தென்னிந்தியப் படங்களைத் தனியார் கம்பனிகள் இறக்குமதி செய்தன. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியதும் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டுக் காலம். வரும் படங்கள் குறைந்தன. பழைய படங்களையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். தமிழ்நாட்டில் வெளியாகிக் கன காலம் கழித்து இங்கே வந்த படத்துக்கும் முதல் நாள் வரிசை வைரவர் கோயில் தாண்டி நிற்கும்.

ரீகலில் ஆங்கிலப் படம் மட்டும்தானா?

ரீகல் என்றாலே ஆங்கிலப் படம் என்றுதான் பேர். மத்திய கல்லூரியும் வேம்படியும் அந்தப் பக்கத்திலேயே இருந்ததால், ஆங்கிலம் பழகப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிக் காசு வாங்கியவர்கள் எங்கள் வகுப்பில் அரைவாசி.

இலங்கைத் தமிழ்ப் படங்கள் இங்கே ஓடினவா?

ஓடின. 1972இல் வந்த குத்துவிளக்கு, கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்தது. 1977இல் பொன்மணி, இயக்கியவர் சிங்கள சினிமாவின் பெரிய கலைஞர் தர்மசேன பத்திராஜ. 1978இல் வாடைக்காற்று, செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுத்தது. திரையில் எங்கள் வேலியும் கிணறும் பேச்சும் வந்தபோது தியேட்டருக்குள் ஒரு சலசலப்பு எழும். அதுவரை படம் என்றால் மதுரையும் சென்னையும் பேசிய தமிழ்தான். எங்கள் பேச்சைத் திரையில் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். பகிடிக்குச் சிரித்த சிரிப்பு இல்லை அது. சொந்தக் குரலை முதன்முதலில் ரேப் ரெக்கோடரில் கேட்டவர் சிரிப்பாரே, அப்படி.

கூட்டம் பெரிதாக இல்லை என்பதும் உண்மை. தென்னிந்தியப் படத்தோடு இவை போட்டி போட முடியவில்லை. 1983 ஜூலை இனக்கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. பார்த்தவர்களின் ஞாபகத்தையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும் என்று நான் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மினி சினிமா என்றால்?

ஒரு வீட்டு விறாந்தையோ கொட்டிலோ, ஒரு ரீவி, ஒரு டெக், ஒரு ஜெனரேற்றர். மின்சாரம் போன காலத்தில் இவைதான் தியேட்டர். பெற்றோல் கிடைக்காது. மோட்டார் சைக்கிளைப் போலவே ஜெனரேற்றரையும் துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கண்ணை எரிக்கும். ஹெலி சத்தம் கேட்டால் உடனே நிற்பாட்டி எல்லாரும் வெளியே ஓடுவோம். சத்தம் தூரப் போனதும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பார்ப்போம். இதைத் தியேட்டர் வரலாற்றில் சேர்ப்பதா என்று சிலர் கேட்கிறார்கள். கட்டாயம் சேர்க்க வேண்டும். தொண்ணூறுகளில் வளர்ந்த பெடியளுக்குச் சினிமா என்றால் அந்தப் புகைதான்.

தியேட்டர்களால் பிள்ளைகள் கெட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

என் அப்பாவும் சொன்னார். வகுப்பைக் கட் அடித்து மற்றினிக்கு, அதாவது பகல் காட்சிக்கு, போனவர்கள் இருந்தார்கள், நானும் ஒருவன். அதே தியேட்டரை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ரிக்கற் கிழிப்பவர், ரோர்ச் அடித்து இடம் காட்டுபவர், பதாகை எழுதும் கலைஞர், கச்சான் சுருள் விற்கும் ஆச்சி, மொறிஸ் மைனர் காரில் லவுட்ஸ்பீக்கர் கட்டி நோட்டிஸ் எறிந்துகொண்டு போகிறவர். சுற்றியிருந்த வளவுகளில் சைக்கிள் பாக் நடத்தியே பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்களும் உண்டு. தியேட்டர் நின்ற அன்று இவர்களுக்கும் வேலை நின்றது. நட்டஈடு என்ற சொல்லையே அவர்கள் கேட்டதில்லை.

இப்போது புதிய தியேட்டர்கள் இருக்கின்றனவே, பிறகென்ன கவலை?

2013இல் ஆஸ்பத்திரி வீதியில் காகில்ஸ் கட்டடம் வந்தது. ஏ.சி., மெத்தைக் கதிரை எல்லாம் உள்ள தியேட்டர் அதற்குள்ளே இருக்கிறது. ராஜாவும் இருக்கிறது. 2015இலிருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேச சினிமா விழாவும் நடக்கிறது. நல்ல விசயம், நானும் போகிறேன். பழையதைப் பற்றி எழுதுவது புதியதில் கோபம் கொண்டு இல்லை.

எங்கள் ஊர்த் தியேட்டரின் கதையை எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

ஆட்களிடம். கடதாசி காத்திருக்கும், ஆட்கள் காத்திருக்கமாட்டார்கள். முதலாளியின் குடும்பத்திடம் பிறகு போகலாம். முதலில் வேலை செய்தவர்களைத் தேடுங்கள். "தியேட்டரைப் பற்றிச் சொல்லுங்கோ ஐயா" என்று கேட்டால் "அது அந்தக் காலம் தம்பி" என்று முடித்துவிடுவார்கள். ரிக்கற் கவுண்டர் எந்தப் பக்கம், கழிப்பறை எங்கே, மழை பெய்தால் எந்த இடத்தில் ஒழுகும் என்று கேளுங்கள். ஒரு தாளில் நிலப்படம் கீறச் சொல்லுங்கள். கை கீறத் தொடங்கினால் வாய் தானாகத் திறக்கும். மாமாவிடம் நான் பத்து வருசம் கேட்டுக் கிடைக்காத கதைகள் ஒரு பின்னேரம் படம் கீறும்போது வந்தன.

அடுத்தது பேப்பர். ஈழநாடு 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. உதயன் 1985இல். வீரகேசரியும் தினகரனும் அதற்கு முந்தியவை. விளம்பரத்தில் தியேட்டரின் பெயர், படம், காட்சி நேரம் மூன்றும் இருக்கும். ஒரு மாதத்து இதழ்களைப் புரட்டினாலே அந்தத் தியேட்டரின் நடை தெரிந்துவிடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. அதனால் பழைய இதழ்கள் ஒரே இடத்தில் முழுசாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையவழி எண்ணிம நூலகத்தில் பல இதழ்களின் பிரதிகள் இருக்கின்றன. வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம், காசு இல்லை.

காணியின் உறுதி, காணிப் பதிவகத்துப் பதிவு, மாநகர சபையின் வரிமதிப்பு ஏடு ஆகியவற்றில் கட்டடம் எப்போது எழுந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தெரியவரும். ஒன்றைக் கவனியுங்கள்: காணி இன்று ஒருவருடைய சொத்து. உரிமைப் பிரச்சினை இருந்தால் நீங்கள் எழுதும் ஒரு வரி யாருக்காவது இடைஞ்சல் தரக்கூடும். பெயர்களைப் போடுமுன் கேட்டுவிடுங்கள்.

கையில் கிடைக்கும் எதையும் அன்றே படமெடுத்துவிடுங்கள். 95இல் வெளிக்கிட்டபோது நான் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய நோட்டிஸை விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது கறையான் மண்ணாக இருந்தது. பிறகு திரும்பவும் சேர்த்த ஒரு கட்டை ஒரு கண்காட்சிக்குக் கொடுத்தேன். கண்காட்சி முடிந்தது, கட்டு வரவில்லை. இரண்டுக்கும் என்னிடம் பிரதி இருக்கவில்லை.

பழைய ரிக்கற் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதால் ஏதும் பிரயோசனம் உண்டா?

நிறைய உண்டு. எறிந்துவிடாதீர்கள். 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிக் கட்டளைச்சட்டத்தின்படி தியேட்டர் ரிக்கற்றுக்கு உள்ளூராட்சி சபை வரி அறவிட்டது. ஆகவே அந்தச் சின்னத் துண்டில் வகுப்பு, விலை, வரி, தொடர் இலக்கம், சில வேளை சபையின் முத்திரை என்று பல தகவல் இருக்கும். விலையை வைத்துக் காலத்தை ஓரளவு கணிக்கலாம். சபை முத்திரை எந்தப் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். யாழ்ப்பாணம் மாநகர சபையானது 1949இல்.

முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து, பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பிளாஸ்ரிக் உறையில் ஒட்டி வைக்க வேண்டாம், எங்கள் ஊர் வெக்கைக்கு மை உறையில் ஏறிவிடும். சாதாரண வெள்ளைத் தாளுக்குள் மடித்து, எங்கே யாரிடம் கிடைத்தது என்று அந்தத் தாளில் பென்சிலால் எழுதுங்கள். பின்பக்கத்தில் யாராவது ஏதும் குறித்திருந்தால் அழிக்காதீர்கள். என்னிடம் உள்ள ஒன்றின் பின்னால் சீனி, பருப்பு, தேயிலை என்று கடைக்கணக்கு இருக்கிறது. எழுத்து யாருடையது என்று தெரியாது. கலரி ரிக்கற்.